நெடுநாள் குடியிருந்த வாடகை வீட்டை முதுமையில் காலி செய்யச் சொன்னால்: எதை, எந்த வரிசையில் செய்வது

என் பெரியம்மா திருவல்லிக்கேணியில் ஒரே வீட்டில் 31 வருடம் குடியிருந்தார். வீட்டுக்காரர் காலமான பிறகு அவருடைய மகன் ஒரு மாலை வந்து, "பாட்டி, தை மாசத்துக்குள்ள வேற வீடு பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மாவுக்கு அப்போது 74 வயது. அடுத்த ஏழு மாதம் நான் கூடவே நின்றேன். அப்புறம் அக்கம்பக்கத்தில், சொந்தத்தில் என்று பல பெரியவர்களுக்குத் துணையாக வக்கீல் வீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறேன்.

அவர்கள் தடுமாறிய இடங்கள் ஏறக்குறைய ஒன்றே. வாடகையை நிறுத்திவிட்டு வக்கீலைத் தேடுவார்கள். வேறு வீடு பார்க்காமலே தேதி கொடுத்துவிடுவார்கள். அட்வான்ஸ் கைக்கு வருமுன் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் இங்கே வரிசைக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தமிழ்நாட்டின் நகரங்களில், தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்காக எழுதியது இது. நான் வக்கீல் இல்லை. நோட்டீஸுக்குப் பதிலும் வழக்கும் வக்கீல் வழியாகவே போகட்டும். அவரிடம் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும், அதற்குள் எதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைத்தான் சொல்கிறேன்.

1. சொன்ன அன்று தேதியும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்

வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்கும்போது, முகத்துக்கு நேரே மறுக்க மனம் வராமல், "சரிப்பா, ரெண்டு மாசத்துல பார்த்துக்கறேன்" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியம் பிறகு நோட்டீஸில், "தாங்களே காலி செய்வதாக ஒப்புக்கொண்டு" என்று திரும்பி வரும்.

அன்று சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "பசங்ககிட்ட கலந்துட்டுச் சொல்றேன். என்ன காரணம்னு ஒரு கடுதாசி எழுதிக் கொடுங்க." சண்டையும் வேண்டாம், வாக்கும் வேண்டாம்.

வெற்றுத்தாளிலோ, எழுதாத முத்திரைத்தாளிலோ, "வாடகை ரசீதுக்குத்தான்" என்று நீட்டும் காகிதத்திலோ கையெழுத்துப் போடக் கூடாது. கண் சரியாகத் தெரியாதவர்கள், படிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் இதை எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். எது வந்தாலும், "என் பிள்ளை பார்த்த பிறகு தருகிறேன்" என்றால் போதும்.

பேசியது என்ன, யார் வந்தார்கள், எந்தத் தேதி என்பதை அன்றிரவே ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து வக்கீல் கேட்கும்போது இதெல்லாம் நினைவில் இருக்காது.

2. வாடகை ஒரு மாதம்கூட நிற்கக் கூடாது

"காலி பண்ணச் சொல்றாங்க, இனி எதுக்கு வாடகை? அட்வான்ஸ்ல கழிச்சுக்கட்டும்" என்று நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். வேறு எந்தத் தவறும் இவ்வளவு கேடு செய்து நான் பார்த்ததில்லை. இரண்டு மாத வாடகை பாக்கி என்பதே வெளியேற்றுவதற்கான காரணங்களில் ஒன்று. காரணமே இல்லாமல் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரருக்கு நீங்களே ஒரு காரணத்தைக் கொடுத்தது போல் ஆகிவிடும். கூரை ஒழுகுகிறது, பம்பு ஓடவில்லை என்பதற்காக நிறுத்தினாலும் இதே கதிதான்.

ஏற்கெனவே பாக்கி விழுந்துவிட்டதென்றால், பாக்கிக்கான நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுவதையும் கட்டிவிட்டால் அந்தக் காரணத்தில் வெளியேற்ற முடியாது. ஆனால் சலுகையை ஒருமுறை வாங்கிவிட்டு மறுபடி தொடர்ந்து இரண்டு மாதம் விட்டால் அது கைகொடுக்காது.

இத்தனை வருடம் கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் இந்த மாதத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புங்கள். ஜிபே, பாஸ்புக் பதிவு, காசோலை, எதுவானாலும் சரி, தடயம் வேண்டும். பெரியம்மா 31 வருடமும் ரொக்கமாகவே கொடுத்திருந்தார். ஒரு ரசீதுகூடக் கிடையாது. வாடகை எவ்வளவு என்பதையே நிரூபிக்க முடியாத நிலையில்தான் நாங்கள் தொடங்கினோம்.

வீட்டுக்காரர் வாங்க மறுத்தால் அல்லது வாங்கிக்கொண்டு ரசீது தர மறுத்தால், மணியார்டர் போன்ற சான்றுள்ள வழியில் அனுப்புங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் அவர் ஏற்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் (வாடகைச் சட்டப்படி நியமிக்கப்படும் அரசு அதிகாரி) கட்டச் சட்டம் வழி வைத்திருக்கிறது. திரும்பி வந்த மணியார்டர் சீட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் கொடுக்கத் தயாராக இருந்தீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

3. காகிதங்களை ஒரே பையில் சேருங்கள்

வக்கீலிடம் போவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் சந்திப்பு முழுவதும், "அது இருக்கா, இது இருக்கா" என்றே போய்விடும்.

வாடகை ஒப்பந்தம் எத்தனை பழையதானாலும் எடுங்கள். அட்வான்ஸ் கொடுத்ததற்கான எழுத்து, ரசீதுகள், பாஸ்புக், கரன்ட் பில் கட்டிய அட்டை, வீட்டுக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் வேண்டும். செய்தியில் பெயரும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பிள்ளைகளின் போனிலும் ஒரு பிரதி வையுங்கள்.

ஒப்பந்தமே இல்லாவிட்டால், எத்தனை வருடமாக அங்கே இருக்கிறீர்கள் என்பதைக் காட்டும் எதுவும் உதவும்: பழைய ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், வாக்காளர் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், அந்த விலாசத்துக்கு வந்த தபால் உறைகள். எங்களுக்குக் கைகொடுத்தது 1990-களில் வந்த ஒரு எல்ஐசி உறை.

குடியிருந்தவர் காலமாகி, ஒப்பந்தம் இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால், இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் தேவைப்படும். தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் கிடைக்க நாளாகும், முதலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். கணவர் போன பிறகு அதே வீட்டில் தனியாக இருக்கும் அம்மாக்கள் இதை வருடக்கணக்கில் தள்ளிப்போட்டிருப்பார்கள்.

பெருந்தொகை கொடுத்து லீஸுக்கோ ஒத்திக்கோ இருந்தால் அந்தப் பத்திரம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், வீட்டுக்காரரிடம் நிச்சயமாக வேண்டாம். வக்கீலுக்கும் நகல் போதும், அசலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் நாளில் கொடுத்தால் சரி.

4. உங்கள் வீட்டுக்கு எந்தச் சட்டம் என்று பாருங்கள்

பெரியவர்கள் மனதில் இன்னும் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே இருக்கிறது. 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 22.02.2019 அன்று நடைமுறைக்கு வந்ததும் அது நீக்கப்பட்டுவிட்டது. அந்தத் தேதிக்கு முன்பே தொடுத்த வழக்குகள் மட்டும் பழைய சட்டப்படி நடக்கும். "ரென்ட் கன்ட்ரோல்ல போட்டா பத்து வருஷம் இழுக்கும்" என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பி உட்காராதீர்கள். புதிய சட்டத்தில் வழக்குகளைச் சில மாதங்களில் முடிக்க வேண்டும் என்பதே நோக்கம்.

இன்னொரு நம்பிக்கை, 12 வருடம் இருந்தால் வீடு சொந்தமாகிவிடும் என்பது. வாடகை கொடுத்து உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவருக்கு இது பொருந்தவே பொருந்தாது. முப்பது வருடம் ஆனாலும் வாடகைதாரர் வாடகைதாரரே. இதை நம்பிப் பேச்சுவார்த்தைக்கே வர மறுத்து, கடைசியில் ஒரு ரூபாய்கூட வாங்காமல் வெளியே வந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். வயதானவர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

புதிய சட்டம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. அரசுக் குடியிருப்புகளும், அறிவிக்கை செய்யப்பட்ட கோயில், அறநிலையச் சொத்துகளும், வக்ஃபு சொத்துகளும் அதற்கு வெளியே இருக்கின்றன. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பகுதிகளில் மனை கோயிலுடையது, கட்டடம் வேறொருவருடையது என்பது சாதாரணம். வாடகை யார் பெயருக்குப் போகிறது, ரசீதில் யார் முத்திரை இருக்கிறது என்று பாருங்கள். அறநிலையத் துறை சம்பந்தப்பட்டதென்றால் வழியே வேறு, முதல் நாளே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

5. சொல்லும் காரணம் என்ன, உண்மைக் காரணம் என்ன

புதிய சட்டத்தின் 21-வது பிரிவில் உள்ள காரணங்களுக்காக மட்டுமே, அதுவும் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவோடுதான் வெளியேற்ற முடியும். பெரியவர்கள் விஷயத்தில் வழக்கமாக வருபவை நான்கு.

முதலாவது, எழுத்து ஒப்பந்தம் போடாதது. பழைய வாடகைதாரர்களுக்கு எதிராக இப்போது அதிகம் பயன்படுவது இதுதான். வாய்ப்பேச்சில் குடியிருந்தவர்களும் எழுத்து ஒப்பந்தத்துக்கு மாறி, அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். அப்படி ஒப்பந்தத்துக்கு வராமல் போனதே வெளியேற்றக் காரணமாகிறது. இதுவரை யாரும் காலி செய்யச் சொல்லாத நிலையில் இதைப் படிப்பவர்கள், இன்றைக்கே வீட்டுக்காரரிடம் ஒப்பந்தம் கேளுங்கள். சொல்லிவிட்ட பிறகு படிப்பவர்கள், ஒப்பந்தம் போடத் தயார் என்று ஒரு கடிதம் அனுப்பி வையுங்கள். அந்தக் கடிதம் மட்டுமே வழக்கை வென்று தரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறுத்தது நீங்கள் இல்லை என்பது பதிவாகிறது, பின்னால் கால அவகாசம் கேட்கும்போது அது பேசும்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா, நான் தங்கள் வீட்டில் ... ஆண்டு முதல் மாதம் ... ரூபாய் வாடகையில் குடியிருந்து வருகிறேன். ... ரூபாய் அட்வான்ஸ் தங்களிடம் உள்ளது. ... மாதம் வரை வாடகை செலுத்தியுள்ளேன். சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் செய்துகொண்டு பதிவு செய்ய நான் தயாராக உள்ளேன். வாடகை உள்ளிட்ட நிபந்தனைகளைப் பேசி முடிவு செய்ய ஒரு நாளைத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

ஒப்புகைச் சீட்டோடு தபாலில் அனுப்பி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். தொகையும் வருடமும் எழுத்தில் வருவது இந்தக் கடிதத்தின் இன்னொரு பயன். அவர் மறுக்காவிட்டால் அட்வான்ஸ் கணக்குக்கு ஒரு ஆதாரம் கிடைத்துவிட்டது. அனுப்புமுன் வக்கீல் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

இரண்டாவது வாடகை பாக்கி, அதைச் சொல்லிவிட்டேன். மூன்றாவது, வீட்டுக்காரரின் சொந்தத் தேவை. மகனுக்குக் கல்யாணம், வெளிநாட்டிலிருந்து மகள் திரும்பி வருகிறாள் என்பார்கள். பல சமயம் அது உண்மையாகவே இருக்கும். நான்காவது, இடித்துக் கட்டுவது. பழைய கட்டடத்தை பில்டரிடம் கூட்டாகக் கொடுக்கப் போகிறார்கள் என்றால், பில்டரோடு ஒப்பந்தம் ஆகிவிட்டதா, பிளான் அனுமதி வாங்கியாயிற்றா என்று விசாரியுங்கள். அனுமதி வரவே நாளாகும் என்றால் உங்களுக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்று கணக்கிடலாம்.

வீட்டை விற்றுவிட்டேன் என்பது மட்டும் காரணம் ஆகாது. வாங்கியவர் பழைய வீட்டுக்காரரின் இடத்துக்கு வருகிறார், அவ்வளவுதான். விற்றதற்கான எழுத்து கிடைத்ததும் புதியவருக்கு வாடகை அனுப்புங்கள். அட்வான்ஸ் யார் கையில் இருக்கிறது என்பதை இருவரிடமிருந்தும் எழுதி வாங்குங்கள். இதை விட்டுவிட்டால் பின்னால் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

சில வீடுகளில் உண்மையான காரணம் வாடகை குறைவு என்பதுதான். இருபது வருடமாகப் பெரிதாக ஏற்றாமல் விட்ட வாடகை பக்கத்து வீட்டு வாடகையில் பாதிகூட இருக்காது. அப்படியென்றால், "எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். ஏற்றிக் கொடுத்து, மூன்று வருடத்துக்கு எழுத்து ஒப்பந்தமும் போட்டுக்கொண்டு அதே வீட்டில் நிம்மதியாகத் தங்கியவர்கள் உண்டு.

6. வக்கீல் நோட்டீஸ் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள்

பயத்தில் தபால்காரரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாங்க மறுத்த தபாலும் கிடைத்ததாகவே கொள்ளப்படும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாமல் போவது ஒன்றுதான் மிச்சம்.

உறையைப் பத்திரப்படுத்துங்கள், தபால் முத்திரைத் தேதி வேண்டும். உள்ளே எத்தனை நாளில் பதில் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அதற்குள் வக்கீல் வழியாகப் பதில் போக வேண்டும். பதில் தராமல் விட்டால் நோட்டீஸில் சொன்ன பொய்யான பாக்கிக் கணக்கும் ஏற்றுக்கொண்டது போல் தோன்றும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தொலைபேசி 15100. தனியாக இருக்கும் பெரியவர்கள் முதியோர் உதவி எண் 14567-ஐயும் அழைக்கலாம்.

7. தண்ணீரையோ கரன்டையோ நிறுத்தினால்

மோட்டாரைப் போட மாட்டார்கள், பியூஸைப் பிடுங்குவார்கள், மொட்டை மாடிக் கதவைப் பூட்டுவார்கள். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் இடைக்கால உத்தரவு பிறப்பிக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். உங்கள் பகுதிக்கு யார் என்று கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

ஆள் வைத்து மிரட்டினாலோ, நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன நேரத்தில் பூட்டு மாற்றினாலோ 112-ஐ அழைத்துவிட்டு, காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். வீட்டுத் தகராறு சிவில்தான், மிரட்டல் சிவில் இல்லை என்று சொல்லி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். பூட்டிய வீட்டின் போட்டோ, அணைந்த மெயினின் போட்டோ, தேதியோடு வேண்டும்.

பதிலுக்குப் பூட்டை உடைப்பது, அவருடைய குழாயை மூடுவது எதுவும் வேண்டாம். அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அன்றோடு கலங்கிவிடும்.

8. பேச்சுவார்த்தை: கேட்க வேண்டியது மூன்று

இது என் சொந்தக் கருத்து. எழுபது வயதுக்கு மேல் வழக்கில் ஜெயிப்பதை விட, போதிய காலமும் பணமும் வாங்கிக்கொண்டு நல்ல வீட்டுக்கு மாறுவது பெரும்பாலோருக்கு நல்லது. தேதிக்குத் தேதி படியேறுவது உடம்பைக் கரைத்துவிடும். வழக்குக்குப் போகும் செலவும் இழுபறியும் வீட்டுக்காரருக்கும் உண்டு. அந்தச் செலவு மிச்சமாகும் என்பதால்தான் அவரும் பேச வருகிறார்.

பேசப் போகும்போது பெரியவரைத் தனியாக அனுப்பாதீர்கள். மகனோ மருமகளோ, இருவருக்கும் பொதுவான தெருக்காரர் ஒருவரோ கூட இருக்கட்டும். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும், தேதியும் தொகையும் மற்றவர் பேசட்டும். உறவு கெடாமல் பேச இது உதவுகிறது.

கேட்க வேண்டிய முதல் விஷயம் காலம். ஆறு மாதத்துக்குக் குறைந்து தொடங்காதீர்கள். மாதத்தையும் பார்த்துக் கேளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாறுவதில்லை என்பதால் அப்போது காலி வீடும் அதிகம் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெரியவரை வைத்துக்கொண்டு சாமான் ஏற்ற முடியாது. தை பிறந்ததும் வீடுகள் காலியாகும். பெரியம்மாவுக்குத் தை மாதத்துக்குள் என்று சொன்னதை நாங்கள் மாசிக் கடைசி என்று மாற்றிக் கேட்டோம். தையில் தேடி மாசியில் மாற முடிந்தது.

இரண்டாவது அட்வான்ஸ். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தால்தான் சாவி கிடைக்கும், பழைய அட்வான்ஸோ காலி செய்த பிறகுதான் வரும். இந்த இடைவெளியில்தான் பெரியவர்கள் கடன் வாங்குகிறார்கள். அதனால் பாதியை முன்கூட்டியே, புது வீடு முடிவானதும் தர வேண்டும் என்று கேளுங்கள். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது ஊர் வழக்கம். இவ்வளவு வருடம் இருந்ததற்காக அதைக் கழிக்காமல் விடச் சொல்லிக் கேட்கலாம், பல பேர் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது மாற்றுச் செலவு: வண்டி, ஆள் கூலி, புரோக்கர் கமிஷன், இரண்டு வீட்டு வாடகையும் சேர்ந்து விழும் ஒரு மாதம். சட்டப்படி இவ்வளவு என்று எதுவும் இல்லை. ஆனால் இடித்துக் கட்டப்போகும் வீடென்றால் பில்டரின் அவசரத்தில் இதற்கு இடம் உண்டு. கடைசி இரண்டு மாத வாடகையைத் தள்ளுபடி செய்யச் சொல்வது பணமாகக் கேட்பதை விடச் சுலபம். அதையும் எழுத்தில் வாங்கிய பிறகே நிறுத்துங்கள்.

பேசி முடித்ததை ஒரு தாளில் எழுதி இருவரும், இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போடுங்கள். காலி செய்யும் தேதி, அட்வான்ஸ் தொகை, எந்தத் தேதியில் எவ்வளவு, எந்த வழியில் என்பது இருக்க வேண்டும். "காலி செய்தவுடன் தரப்படும்" என்று எழுத விடாதீர்கள். "சாவி ஒப்படைக்கும்போது" என்று எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்று மாதம் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

9. வழக்கு வந்துவிட்டால்

சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில்தான் வாடகை வழக்குகள் நடக்கின்றன. சம்மனில் இருக்கும் தேதிக்கு ஆஜராகாமல் விட்டால் ஒருதலைப்பட்சமாக உத்தரவு போய்விடும். உடம்பு முடியாவிட்டாலும் வக்கீல் போக வேண்டும். மருத்துவச் சான்றிதழை வக்கீலிடம் முன்பே கொடுத்து வையுங்கள். வாடகைதாரருக்கு என்ன வயது என்பதைப் பதிலிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

வழக்கு நடக்கும்போதும் வாடகை மாதாமாதம் போக வேண்டும். நடுவில் சமரசம் ஆனால் அதைக் கூட்டு மனுவாக நீதிமன்றத்தில் தாக்கல் செய்யுங்கள், வெளியில் பேசி முடிப்பதை விட அது உறுதி. ஆனால் இன்ன தேதியில் காலி செய்கிறேன் என்று நீதிமன்றத்தில் உறுதிமொழி கொடுத்தால் அதை மீறக் கூடாது. அதற்கு மேல் கேட்டால் எந்த நீதிபதியும் இரங்குவது கடினம்.

உத்தரவு எதிராக வந்தால் வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். சான்றிட்ட நகலுக்கு உத்தரவு வந்த அன்றே மனுப் போடுங்கள்.

10. வீடு தேடுவதை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்

வழக்கில் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டுத் தேடலாம் என்று காத்திருக்காதீர்கள். வயதானவர் தனியாக இருப்பார் என்றாலே பலர் கதவைச் சாத்துகிறார்கள். பெரியம்மாவுக்காக நாங்கள் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல், வயதைக் கேட்டதும், "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். அதை அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதலில் நீங்கள் போய்ப் பேசி, வயதைச் சொல்லி, சம்மதம் வாங்கிய வீட்டுக்கு மட்டும் பெரியவரை அழைத்துப் போங்கள்.

வீட்டுக்காரரின் பயம் இரண்டு: வாடகை வருமா, ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது. பென்ஷன் பாஸ்புக்கைக் காட்டுங்கள். பிள்ளையின் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சம்மதியுங்கள். பக்கத்தில் இருக்கும் உறவினர் இருவரின் எண்ணை எழுதிக் கொடுங்கள்.

கூடிய மட்டும் அதே பேட்டைக்குள் தேடுங்கள். பால்காரர், மருந்துக்கடை, கோயில், பேசுவதற்கு இரண்டு பேர் இதெல்லாம் புது இடத்தில் எழுபத்தைந்து வயதில் முளைக்காது. தெருவில் நடந்து டு-லெட் பலகை பாருங்கள், இஸ்திரிக் கடைக்காரரிடமும் பால் பூத்திலும் சொல்லி வையுங்கள். கீழ்த்தளம் அல்லது லிஃப்ட், கட்டிலிலிருந்து எட்டும் தூரத்தில் கழிவறை, உட்காரும் வகைக் கழிவறை, வாசற்படி உயரம், மழையில் தண்ணீர் நிற்குமா, இவற்றைப் பகலில் ஒருமுறையும் இருட்டிய பிறகு ஒருமுறையும் போய்ப் பாருங்கள்.

புது ஒப்பந்தம் பெரியவர் பெயரில் இருக்கட்டும், எழுத்தில் இருக்கட்டும், பதிவு செய்யப்பட்டிருக்கட்டும். வேறு ஏற்பாடு பேசாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது சட்டம். சென்னையில் இன்னும் ஆறு, பத்து மாதம் கேட்பார்கள். சட்டத்தைச் சொல்லிக் குறைத்துக் கேளுங்கள், சில இடங்களில் குறைகிறது.

11. மாறும் நாள்

சாமான் ஏற்றும் அன்று பெரியவர் உறவினர் வீட்டில் இருக்கட்டும். புது வீட்டில் முதலில் கட்டில், கழிவறை, விளக்கு மூன்றும் தயாராகட்டும், பிறகு அவரை அழைத்து வாருங்கள். பழைய வீட்டில் கட்டிலின் எந்தப் பக்கம் இறங்குவாரோ, புது வீட்டிலும் அதே பக்கம் இறங்கும்படி போடுங்கள். இரவில் எழுந்து பழைய வீட்டின் நினைவில் நடந்து விழுவது முதல் வாரத்தில்தான் நடக்கிறது. ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

மருந்து, மருத்துவச் சீட்டு, மூக்குக் கண்ணாடி, பாஸ்புக், ஆதார், நகை, அந்த வழக்குப் பை, இவை வண்டியில் ஏறக் கூடாது. உங்கள் தோளில் இருக்கட்டும்.

காலி செய்த பழைய வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள். கரன்ட் மீட்டர் எண்ணைப் படம் பிடியுங்கள், கடைசி பில்லைக் கட்டிய ரசீதை வையுங்கள். அட்வான்ஸ் கணக்கில் ஏறிய பிறகு சாவியைக் கொடுத்து, "சாவி பெற்றுக்கொண்டேன், பாக்கி எதுவும் இல்லை" என்று எழுதி வாங்குங்கள். பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், சாவி கைமாறிய பிறகு கேட்டு அலைவது உங்கள் வேலையாகிவிடும்.

12. விலாசம் மாற்றும் வரிசை

புது ஒப்பந்தம் கைக்கு வந்ததும் முதலில் ஆதார். அதில் விலாசம் மாறினால் மற்ற இடங்களில் கேள்வி குறையும். அடுத்தது ரேஷன் கார்டு, கடை மாற்றமும் சேர்த்து. அப்புறம் வங்கி, கேஸ், வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8.

முதியோர் உதவித்தொகை வாங்குபவர் என்றால் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் மறக்காமல் எழுதிக் கொடுங்கள். வீட்டில் தேடி வந்து, ஆள் இல்லை என்று குறித்துவிட்டுப் போனால் பணம் நின்றுவிடும், திரும்ப ஓட வைக்க மாதங்கள் ஆகும். பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்கும் மாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய தெருவின் தபால்காரருக்குப் புது விலாசத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். பழைய பக்கத்து வீட்டிலும் உங்கள் போன் எண் இருக்கட்டும். பெரியம்மா மாறி நான்கு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக் காப்பீட்டு அட்டை பழைய விலாசத்துக்கே வந்தது. பக்கத்து வீட்டு அம்மா வாங்கி வைத்திருந்து போன் செய்தார்.